விண்ணப்பிக்கலாமா, வேண்டாமா?

“அக்கா, நீயே சொல்லு. இவ வாட்டர்லூவுக்குத்தான் அப்ளை பண்ணுவேன்னு ஒத்தைக்கால்ல நிக்கறா!”

டொரான்டோவிலிருந்து ஃபோனில் என் தங்கை புலம்பினாள். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. கணக்கில் கெட்டி. அம்மாவுக்கோ, வீட்டிலிருந்தே போய்வரும் கல்லூரி போதும் என்ற எண்ணம்.

வாட்டர்லூ பல்கலைக்கழகம் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1957-ல் தொடங்கியது. அங்கே எஞ்சினீயரிங் சேரும் எல்லோருக்கும் ‘கோ-ஆப்’ முறைதான். அதாவது, பெரும்பாலும் 4 மாதம் வகுப்பு, 4 மாதம் ஏதாவது கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை என்று மாறி மாறி வரும். படிப்பு முடிய ஏறக்குறைய 5 வருஷம். வேலைத் தவணை 6 வரை உண்டு. கூட்டிப் பார்த்தால் 2 வருஷ அனுபவம்! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா?

ஆனால் சகோதரிகளே, இன்னொரு பக்கமும் உண்டு. எங்கெங்கே வேலை இருக்கிறது என்று பல்கலைக்கழகம் காட்டும். மனுப் போட்டு, இன்டர்வியூவுக்குப் போய், அதைப் பிடிக்க வேண்டியது மாணவிதான். அதுவும் பாடங்கள் நடக்கும்போதே! வேறு ஊரில் கிடைத்தால் மூட்டை கட்ட வேண்டும். நீண்ட கோடை விடுமுறையை மறந்துவிட வேண்டியதுதான். இடம் கிடைப்பதும் லேசில்லை. தொண்ணூறுக்கு மேல் வாங்கியவர்களுக்கும் ‘இல்லை’ என்று பதில் வருவதுண்டு. மார்க்கோடு, பள்ளிக்கு வெளியே என்ன செய்தாள், ஏன் இந்தப் படிப்பு என்பதையும் தனிப் படிவத்தில் எழுத வேண்டும்.

பெண்ணையே கூப்பிட்டேன். “ஏண்டி கண்ணு, பத்து கம்பெனி வேண்டாம்னுட்டா என்ன செய்வே?”

“அழுவேன், பெரியம்மா. அப்புறம் பதினொண்ணாவதுக்குப் போவேன். எனக்குக் கையால செஞ்சு பார்த்தாத்தான் எதுவும் புரியும்.”

தங்கையிடம் கேட்டேன்: “உனக்கு பயம் படிப்பைப் பத்தியா, அவ வீட்டை விட்டுப் போறதைப் பத்தியா?”

பதிலே இல்லை. சற்றுக் கழித்து மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

“அசடே! விண்ணப்பிச்சா சேர்ந்தாச்சுன்னு அர்த்தமா? அங்கே ஒரே விண்ணப்பத்துல பல கல்லூரிகளைக் குறிக்கலாமே. வீட்டுக்குப் பக்கத்துல இருக்கறதையும் சேர்த்துப் போடச் சொல்லு. இடம் வந்தப்புறம் செலவுக் கணக்கையும் பார்த்து முடிவு பண்ணலாம். கேட்டுப் பார்க்காமலே விட்டா, அந்தக் குறை உங்க ரெண்டு பேருக்கும் நடுவுலே நிக்கும்.”

விண்ணப்பம் போயாயிற்று. பதில் வரும்போது வரட்டும். எங்கே சேர்ந்தாலும் சாப்பிட வேண்டுமே! இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாவிடம் ரசம் வைக்கக் கற்றுக்கொள்கிறாள்.