நடவாளுக்கு ஒரு காலைப் பந்தி

போன புரட்டாசியில் நம் பள்ளி நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் நடவு வேலை செய்பவர்களை அழைத்துக் காலை உணவு கொடுத்தோம் அல்லவா? அன்றைக்கு வராத சிலர், "எதுக்குடா இது? அவங்கதான் கூலி வாங்குறாங்களே" என்று என்னிடம் கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

யோசனை வந்ததே பக்கத்துத் தொடக்கப் பள்ளியைப் பார்த்துத்தான். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்டு 25-இல் நம் நாகை மாவட்டத்துத் திருக்குவளையில் வைத்துத்தான் அதை எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கினார்கள். "பிள்ளைங்களுக்குச் சரி, அந்தப் பிள்ளைங்களோட அம்மா காலையில என்ன சாப்பிட்டுட்டு வயலுக்குப் போறாங்க?" என்று எங்கள் வகுப்பில் ஒருத்தி கேட்டாள். யாருக்கும் பதில் தெரியவில்லை. என் அப்பாயி நாற்பது வருஷமாக நடவுக்குப் போகிறவர். எனக்கே தெரியவில்லை என்பதுதான் வெட்கம்.

முதலில் காலை எட்டரை மணி என்று முடிவு செய்தோம். வீட்டில் சொன்னதும் அப்பாயி சிரித்துவிட்டார். "எட்டரைக்கா? அதுக்குள்ள நாங்க அரை வயலு நட்டுருப்போமே!" உடனே ஐந்தரை மணி என்று மாற்றினோம்.

நடவு என்றால் என்ன வேலை என்று சிலருக்குத் தெரியாது. (வயலுக்கு நடுவில் இருந்துகொண்டே தெரியாதவர்கள் நம் பள்ளியிலேயே நிறையப் பேர்!) நாற்றங்காலில் வளர்ந்த நாற்றைப் பறித்து, முடி முடியாகக் கட்டி, சேற்று வயலில் வீசுவார்கள். பெண்கள் வரிசையாகக் குனிந்து, குத்துக்கு இரண்டு மூன்று நாற்று வைத்துப் பின்னோக்கி நகர்ந்துகொண்டே நடுவார்கள். ஆழமாகவும் போகக்கூடாது, சாய்ந்து மிதக்கவும் கூடாது. நான் ஒரு கணக்குப் போட்டேன். வரிசைக்கு வரிசை 20 செ.மீ., குத்துக்குக் குத்து 10 செ.மீ. என்றால் ஒரு சதுர மீட்டரில் 50 குத்து. ஒரு ஏக்கர் சுமார் 4,000 சதுர மீட்டர். ஆகவே 2 லட்சம் குத்து! பதினைந்து பேர் நட்டால் ஒருவர் பங்குக்கு 13,000-க்கு மேல். ஒவ்வொரு குத்துக்கும் விரல் சேற்றுக்குள் போய் வர வேண்டும். இடுப்பை நிமிர்த்த நேரம் ஏது?

இப்போது நடவு இயந்திரம் வந்துவிட்டது, நேரடி விதைப்பும் இருக்கிறது. ஆனாலும் இயந்திரம் இறங்காத வயலுக்கும் மூலை முடுக்குக்கும் கைதான் வேண்டும்.

சரி, பந்திக்கு வருவோம். விருந்தினர்களுக்கு மேடையில் நாற்காலி, நடவாட்களுக்குக் கீழே பாய் என்றுதான் முதலில் போட்டிருந்தோம். நிலம் வைத்திருப்பவர்கள் சிலரையும் அழைத்திருந்தோம். எங்கள் தமிழய்யா வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. நாற்காலிகளைத் தானே ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தார். எல்லாரும் ஒரே பாயில், ஒரே வரிசையில்.

இது ஏன் பெரிய விஷயம்? நம் கீழத்தஞ்சையில் ஒரு காலத்தில் பண்ணையாள் முறை இருந்தது. ஒரே பண்ணையில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு வேலை செய்வது. சாணிப்பால், சவுக்கடி என்று தண்டனைகள் இருந்த காலம். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில், கூலி கூடக் கேட்ட தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். மறு வருஷம், 1969-இல், இந்தப் பகுதி விவசாயத் தொழிலாளர்களுக்காக நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அப்போது அப்பாயிக்குப் பதினோரு பன்னிரண்டு வயசு. "களத்துக்கு வெளிய நின்னு பனையோலைப் பட்டையில கஞ்சி வாங்கிக் குடிச்சோம். உக்காரச் சொல்ல மாட்டாங்க" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

அன்று அப்பாயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர், அவர் வருஷா வருஷம் நடும் வயலின் சொந்தக்காரர். நான்தான் இரண்டு பேருக்கும் சாம்பார் ஊற்றினேன். கை கொஞ்சம் நடுங்கியது, இலையைத் தாண்டி ஊற்றிவிட்டேன். அவர் தன் இலையைச் சற்று நகர்த்தி, "அக்காவுக்கு முதல்ல வைப்பா" என்றார். அப்பாயி நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை.

எங்களுக்கு ஒரு ஏமாற்றம். இட்லி, பொங்கல், வடை எல்லாம் செய்தும் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு இட்லியோடு இலையை மடித்துவிட்டார்கள். சமையல் பிடிக்கவில்லையோ என்று பயந்துபோனோம். பிறகுதான் விவரம் புரிந்தது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் குனிந்து நட முடியாதாம்! விடியற்காலையில் ஒரு டீயோ நீராகாரமோதான். பத்து மணிக்குக் கரையேறி வரப்பில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் அவர்களுடைய உண்மையான காலைச் சாப்பாடு. அதுவும் பழையது, வெங்காயம், கருவாடு. இட்லி பத்து மணிக்கெல்லாம் காய்ந்துவிடும், பழையது வெயிலுக்குக் குளிர்ச்சி என்கிறார் அப்பாயி. மீந்த பொங்கலை அவரவர் தூக்குவாளியில் போட்டுக் கொடுத்து அனுப்பினோம்.

அதனால் அடுத்த சம்பா நடவுக்குப் பத்து மணிக்கு நாமே வரப்புக்குப் பழையது கொண்டுபோவதாக ஏற்பாடு. பெரிய தூக்குவாளி பத்து தேவைப்படுகிறது. வீட்டில் இருப்பவர்கள் 11-ஆம் வகுப்பு 'அ' பிரிவில் என்னிடம் பெயர் கொடுக்கவும். மோர் மிளகாய் கொண்டு வருபவர்களும் சொல்லலாம்.