உங்களுக்குத் தெரியுமா? விசை மாறிய மவுசர்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவ மவுசர் 98 துப்பாக்கிகள் ஏராளமாக அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தன. வேட்டைக்காரர்கள் அவற்றை மலிவாக வாங்கினார்கள், விசைதான் பிடிக்கவில்லை. முதலில் லேசாக நகர்ந்து, நடுவில் தட்டி நின்று, அப்புறம் அழுத்தினால்தான் வெடிக்கும். பதற்றத்தில் இருக்கும் சிப்பாய்க்கு அது பாதுகாப்பு. மானைக் குறிபார்ப்பவருக்கு எரிச்சல். 1946-இல் தொடங்கிய டிம்னி போன்ற மாற்று விசை நிறுவனங்கள் பிழைத்தது இந்த எரிச்சலால்தான்.

விசையை மாற்றுவது பெரிய வேலையில்லை. ரெமிங்டன் 700 வேட்டைத் துப்பாக்கியில் மொத்த விசைப்பெட்டியும் இரண்டே ஊசிகளில் நிற்கிறது. பொருத்திய பிறகு வருவதுதான் முக்கியம். குண்டில்லாத துப்பாக்கியை விசையேற்றி, ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். போல்ட்டை வேகமாக அறைந்து மூடுவார்கள். சுடும் ஊசி தானாக விழுந்தால் அந்த விசை கழற்றப்படும்.

ஆலையில் பொருத்தியதென்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? பாகங்களை ஒட்டும் பசை கூடுதலாகிவிட்டதால், விசையைத் தொடாமலே வெடிக்கக்கூடும் என்று சொல்லி, 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை எக்ஸ்-மார்க் புரோ விசையோடு தயாரித்த துப்பாக்கிகளை ரெமிங்டன் நிறுவனமே 2014-இல் திரும்பப் பெற்றது.