சுற்றுவழியில் வந்த தற்காப்பு வீரர்

தாப்பா வழியாகக் கேமரன் மலைக்கு ஏறியவர்களுக்குத் தெரியும், அந்தச் சாலையின் வளைவுகள் எண்ணி முடியாதவை. ஆனாலும் பேருந்து தானா ராத்தாவுக்கு வந்து சேர்ந்துவிடும். நானும் அப்படித்தான் பல்கலைக்கழகத்திற்கு வந்தேன். தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளி. எஸ்.பி.எம். முடிவு மெட்ரிகுலேஷனுக்குப் போதவில்லை. போலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்து, நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தேன். "முதலாம் ஆண்டில் உங்களைப் பார்த்ததே இல்லையே?" என்று யாராவது கேட்டால் கூச்சமாக இருக்கும்.

சென்ற விடுமுறையில் தம்பியோடு 'லாஸ்ட் சான்ஸ் யூ' என்ற ஆவணத் தொடரைப் பார்த்தேன். 2016இல் வெளிவந்தது. அமெரிக்காவின் இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றில் அமெரிக்கக் காற்பந்து ஆடும் மாணவர்களைப் பற்றியது. என்னைப் போன்றவர்கள் அங்கும் இருக்கிறார்களே என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

அது நம் காற்பந்து அன்று. பந்தைப் பெரும்பாலும் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். ஓர் அணிக்கு 11 பேர். தாக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜம், அதாவது சுமார் 9 மீட்டர், முன்னேற வேண்டும். அதைத் தடுக்க எதிரணியின் முன்னணியில் நிற்கும் மூவர் அல்லது நால்வரே தற்காப்பு வரிசையினர். முதல் மோதல் இவர்களுடையது. நடுவில் நிற்பவர்களில் 130 கிலோவைத் தாண்டியவர்கள் சாதாரணம். பதினெட்டு வயதுப் பையனுக்கு அந்த வலு எளிதில் வராது. அதனால்தான் ஈராண்டு ஆடி முதிர்ந்த இளநிலைக் கல்லூரி மாணவர்களைப் பயிற்றுநர்கள் தேடுகிறார்கள்.

நிக் ஃபேர்லி அப்படி வந்தவர். அலபாமா மாநிலத்து மொபைல் நகரைச் சேர்ந்த அவருக்கு ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் ஆட விருப்பம். படிப்புத் தகுதி போதவில்லை. மிசிசிப்பியின் கோப்பையா-லிங்கன் சமூகக் கல்லூரிக்குச் சென்றார். 2009இல் ஆபர்னுக்கு மாறினாலும் அவ்வாண்டு பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர்தான். அடுத்த ஆண்டே சிறந்த முன்வரிசை வீரருக்கான லொம்பார்டி விருதை வென்றார். 2011 ஜனவரியில் ஆபர்ன் 22-19 என்று ஓரிகனை வீழ்த்தித் தேசிய வெற்றியாளரானது. அந்த அணியின் தாக்குதலை வழிநடத்திய கேம் நியூட்டனும் டெக்சஸின் பிளின் கல்லூரியிலிருந்து வந்தவரே!

ஆனால் இந்த வழிக்கு ஒரு விலை உண்டு. ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவம் ஆடலாம் என்பது நெடுநாள் விதி. இளநிலைக் கல்லூரியில் ஆடியவையும் அதில் கழிந்துவிடும். பெரும்பாலோருக்கு எஞ்சுவது இரண்டே. இதை எதிர்த்து டியேகோ பாவியா என்ற வீரர் வழக்குத் தொடுத்தார். 2024 டிசம்பரில் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தடையுத்தரவு வழங்கியது. அவர் நிலையில் இருந்த மற்றவர்களுக்கும் 2025-26க்கு விலக்குக் கிடைத்தது.

இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. அவர்களுக்குப் பழைய கல்லூரி ஆண்டுகள் கணக்கில் சேர்வதால் நட்டம். எனக்குச் சேராததால் நட்டம். என் டிப்ளோமா பாடங்கள் சிலவற்றைப் பல்கலைக்கழகம் ஏற்கவில்லை. ஏற்கெனவே தேறிய கணிதத்தை மறுபடி படித்தேன்.

ஆகவே, தம்பி தங்கையருக்கு ஒரு வார்த்தை. மெட்ரிகுலேஷன் கிடைக்காவிட்டால் கதவு மூடிவிட்டதாக எண்ணாதீர்கள். ஆனால் டிப்ளோமாவில் சேருமுன்பே எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் பாடத்தை ஏற்கும் என்று கேட்டறியுங்கள். பாடத்திட்டத் தாள்களைப் பத்திரப்படுத்துங்கள். ஃபேர்லி ஆபர்னில் ஆடியது இரண்டு ஆண்டு. முதலாண்டில் காத்திருந்தார், இரண்டாம் ஆண்டில் வென்றார்.

இப்போது யாராவது முதலாம் ஆண்டில் என்னைக் காணவில்லையே என்று கேட்டால், போலிடெக்னிக்கில் இருந்தேன் என்று கூசாமல் சொல்கிறேன்.