வீரிய ஒட்டு நெல்லில் விதை எடுக்கலாமா?

பாகூர் வட்டாரம் புதுவையின் நெற்களஞ்சியம். குருவிநத்தம் போன்ற ஊர்களில், நன்கு விளைந்த வயலிலிருந்து அடுத்த பட்டத்துக்கு விதைநெல் எடுத்து வைப்பது வழக்கம். ஆனால் வீரிய ஒட்டு நெல்லுக்கு இது ஒத்துவராது. ஏன்?

நெல்லின் உயிரணுவில் 12 ஜோடி குரோமோசோம்கள் உண்டு. ஜோடியில் ஒன்று தாய்வழி, மற்றது தந்தைவழி. குணங்களைச் சுமப்பவை இவையே. மகரந்தமும் சூலும் உருவாகும்போது ஜோடிகள் பிரிகின்றன. ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்றுதான் போய்ச் சேரும். எது போகும் என்பது சீட்டுக் குலுக்கிப் போடுவது போலத்தான். இதனால் 4,096 வகை மகரந்தம் உண்டாகலாம், சூலும் அவ்வாறே. இரண்டும் கூடிக் கருவுறும்போது 1 கோடியே 67 லட்சத்துக்கு மேற்பட்ட சேர்க்கைகள் சாத்தியம். பிரியுமுன் ஜோடிகள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் வேற்றுமை இன்னும் பெருகும்.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1994-ல் வெளியிட்ட கோ.ஆர்.எச். 1 போன்ற ஒட்டு நெல்லில் தாயும் தந்தையும் வெவ்வேறு. வாங்கிய விதை சீராக விளையும். அதன் மணியை விதைத்தாலோ குட்டையும் நெட்டையும் கலந்து வரும், கதிர் முன்பின்னாக வெளிவரும், சில பயிர் பதராகும், மகசூல் குறையும்.

வெள்ளைப் பொன்னி போன்ற ரகங்களில் ஜோடி இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால் குணம் மாறாது.

நமக்கு நட்டமாகும் இந்த வேற்றுமைதான் ஆராய்ச்சியாளருக்கு முதல். இந்தோனேசியாவின் நெட்டை நெல் பேட்டாவையும் தைவானின் குட்டை நெல்லையும் சேர்த்து, பிறந்த பலவகைப் பயிர்களில் பொறுக்கியெடுத்ததே 1966-ல் வந்த ஐ.ஆர். 8.

ஆகவே விதை எடுக்குமுன் மூட்டையின் அட்டையைப் பாருங்கள். ரகமானால் கலவன்களைக் களைந்து விதை எடுங்கள். ஒட்டு என்றால் சாப்பாட்டுக்கோ விற்பனைக்கோ வைத்து, விதையைப் புதிதாக வாங்குங்கள்.