அமர்த்தியா சென்: பஞ்சம் தந்த கேள்வி, நண்பர்கள் தந்த வழி

ஐநாவின் மனித மேம்பாட்டுக் குறியீட்டுப் பட்டியல் வெளிவரும்போதெல்லாம் சிங்கப்பூர் எந்த இடம், மலேசியா எந்த இடம் என்று பார்க்கிறோம். வருமானத்தோடு மக்களின் ஆயுளையும் கல்வியையும் சேர்த்து அளக்கும் அந்தக் குறியீட்டின் பின்னால் இரு நண்பர்களின் வாக்குவாதம் இருக்கிறது. அவர்களில் ஒருவர், 1998ல் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்ற பேராசிரியர் அமர்த்தியா சென். அவருடைய முக்கிய ஆய்வுகளின் வேர்களைத் தேடினால், சிறுவயதில் கண்ட காட்சிகளும் உடன் படித்த நண்பர்களும் தென்படுகிறார்கள்.

வாசலுக்கு வந்த பசி

1943ல் வங்காளத்தைக் கடும் பஞ்சம் தாக்கியது. 20 முதல் 30 லட்சம் பேர் மாண்டதாகக் கணக்கிடப்படுகிறது. சாந்திநிகேதனில் தாத்தா, பாட்டியுடன் வளர்ந்த சென்னுக்கு அப்போது 9 வயது. பசியோடு வீடு தேடி வந்தவர்களுக்கு, குடும்பத்துக்கு ஒரு சிகரெட் டின் அளவு அரிசி கொடுக்கத் தாத்தா அனுமதித்திருந்தார்.

இன்னொன்றையும் சிறுவன் சென் கவனித்தார். அவருடைய பள்ளியிலோ உறவினர் வீடுகளிலோ யாரும் பட்டினி கிடக்கவில்லை. மாண்டவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற கூலித் தொழிலாளர்கள் போன்ற கிராமத்து ஏழைகள்.

டாக்காவில் இந்து-முஸ்லிம் கலவரம் நடந்தபோது, கத்தியால் குத்தப்பட்ட முஸ்லிம் கூலித் தொழிலாளி ஒருவர் சென்னின் வீட்டுக்கு வந்து உதவி கேட்டார். வெளியே போக வேண்டாம் என்று மனைவி தடுத்தும், வீட்டில் உண்ண ஒன்றுமில்லாததால் வேலை தேடி வந்ததாக அவர் சொன்னார். மருத்துவமனையில் உயிரிழந்தார். வறுமை ஒருவரின் உயிர்ப் பாதுகாப்பையும் பறித்துவிடும் என்பதை அன்று உணர்ந்ததாகச் சென் பின்னர் எழுதினார்.

கணக்கு சொன்ன விடை

சிறுவயது நினைவு மட்டுமே ஆய்வாகிவிடாது. ‘வறுமையும் பஞ்சங்களும்’ என்ற அவரது நூல் 1981ல்தான் வெளிவந்தது. 1943ல் வங்காளத்தில் இருந்த உணவு, முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஏறக்குறைய 5 விழுக்காடுதான் குறைவு. பஞ்சமில்லாத 1941ஐவிட 13 விழுக்காடு அதிகம் என்று அதில் கணக்கிட்டிருந்தார். போர்க்காலச் செலவுகளால் அரிசி விலை தாறுமாறாக உயர்ந்தது. கிராமத்துக் கூலி அதற்கு ஈடாக உயரவில்லை. அரிசி இருந்தும் அதை வாங்க ஏழைகளுக்கு வழியில்லை.

அன்றைய விளைச்சல் கணக்குகளை நம்ப முடியாது என்று சில ஆய்வாளர்கள் பின்னர் மறுத்தனர். ஆயினும், ‘உணவு எவ்வளவு இருக்கிறது’ என்பதோடு ‘அது யார் கைக்கு எட்டுகிறது’ என்றும் கேட்க வேண்டும் என்பது பஞ்சம் பற்றிய ஆய்வுகளில் நிலைத்துவிட்டது.

புத்தகம் காட்டிய நண்பர்

கேள்வியை அனுபவம் தந்தது என்றால், அதை ஆராயும் வழியைக் காட்டியவர்களில் கல்லூரி நண்பர்களும் இருந்தனர். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் உடன் படித்த சுகமோய் சக்கரவர்த்தி, கென்னத் ஆரோ எழுதி 1951ல் வெளிவந்த நூலைச் சென்னுக்கு அறிமுகப்படுத்தினார். தனிமனிதர்களின் விருப்பங்களை முரண்பாடின்றிச் சேர்த்து ஒரு சமூக முடிவாக்க முடியுமா என்று ஆராய்ந்த நூல் அது. கேம்பிரிட்ஜில் சென்னின் ஆய்வுக்கு வழிகாட்டிய ஜோன் ராபின்சனுக்கு அத்துறையில் ஆர்வமில்லை. ஆனாலும் சென் அதைக் கைவிடவில்லை. 1970ல் அதுபற்றிய தம் நூலை வெளியிட்டார்.

எதிர்வாதம் செய்த நண்பர்

கேம்பிரிட்ஜில் கிடைத்த மற்றொரு நண்பர் பாகிஸ்தானியரான மஹ்பூப் உல் ஹக். ஐநா மேம்பாட்டுத் திட்டத்தின் முதல் மனித மேம்பாட்டு அறிக்கையை 1990ல் அவர் உருவாக்கியபோது சென்னின் உதவியை நாடினார். மனித வாழ்க்கையை ஒற்றை எண்ணுக்குள் அடைப்பதில் சென்னுக்கு உடன்பாடில்லை. தேசிய வருமானம் என்ற எளிய எண்ணுக்குப் பழகிய உலகத்தை அதே அளவு எளிய இன்னோர் எண்ணால்தான் திருப்ப முடியும் என்று ஹக் வாதாடினார்.

கடைசியில் சென் இணங்கி, குறியீட்டை வடிவமைக்கத் துணைநின்றார். நண்பர் சொன்னதே சரி என்பதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.