கும்பிடுபூச்சி இறாலுக்கு வீடு கட்டுவது எப்படி?

போன மாதம் இதே இடத்தில் கப்பி மீன் வளர்ப்பது பற்றிப் படித்திருப்பீர்கள். அது நல்ல தண்ணீர் மீன். நான் உப்புத் தண்ணீர் தொட்டி பற்றி எழுதப் போகிறேன். இதை எழுத உனக்கு என்ன தெரியும் என்று கேட்டால், ஒரு உயிரைச் சாகடித்த பிறகு கற்றுக்கொண்டதுதான் தெரியும்.

என் மாமா காசிமேட்டில் மீன் எடுத்து வந்து அம்பத்தூரில் விற்கிறார். ஜூன் 14-ஆம் தேதியோடு மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போயின. அந்த வாரம் ஒருநாள் பெயிண்ட் வாளியில் கலங்கலான கடல் தண்ணீரோடு ஏதோ கொண்டு வந்தார். "இந்தா பாப்பா, உன் தொட்டியில விட்டுப் பாரு. கையை மட்டும் உள்ள விடாத" என்றார்.

என் கையை விட நீளம். இறால் மாதிரி ஓடு, பூரான் மாதிரி தட்டை உடம்பு, காம்பு வைத்த இரண்டு கண்கள். ஒரு கண் என்னைப் பார்த்தது, இன்னொன்று மாமாவைப் பார்த்தது! முன்கால்கள் இரண்டும் கும்பிடுபூச்சிக்கு இருப்பது போல மடிந்திருந்தன. அதனால்தான் ஆங்கிலத்தில் இதற்கு மேண்டிஸ் ஷ்ரிம்ப் என்று பெயர். மேண்டிஸ் என்றால் நம்ம கும்பிடுபூச்சிதான். ஆனால் இது பூச்சியும் இல்லை, உண்மையான இறாலும் இல்லை. இறால், நண்டுக்குத் தூரத்துச் சொந்தம். இழுவலையில் நிறைய மாட்டும். நம்ம ஊரில் யாரும் விரும்பி வாங்குவதில்லை. கழிவு மீனோடு காயவைத்துத் தீவனத்துக்குப் போய்விடும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கலங்கல் தண்ணீர் அழுக்காக இருக்கிறதே என்று முற்றத்தில் கொட்டினேன். 20 லிட்டர் தொட்டியில் குழாய்த் தண்ணீர் பிடித்து, அம்மாவின் டப்பாவிலிருந்து நான்கு கைப்பிடி கல் உப்பு போட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தேன். ரசத்தை விடக் கரித்தது. சரி, கடல் ரெடி என்று நினைத்து அதை உள்ளே விட்டேன். காலையில் பார்த்தால் மல்லாந்து கிடந்தது.

ஏன் செத்தது என்று அறிவியல் மிஸ்ஸிடம் கேட்டேன். "உலர் திராட்சையைத் தண்ணியில போட்டா என்ன ஆகும்?" என்று திருப்பிக் கேட்டார். உப்பும். சவ்வூடு பரவல்! கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. 20 லிட்டருக்கு 700 கிராம் வேண்டும். நான் போட்டது கால் கிலோ கூட இருக்காது. அதனால் வெளித் தண்ணீர் செவுள் வழியாக அதன் உடம்புக்குள் ஏறியிருக்கிறது. போதாததற்குக் குழாய்த் தண்ணீரில் குளோரின் வேறு.

அப்போ 700 கிராம் கல் உப்பு போட்டிருந்தால் பிழைத்திருக்குமா? அதுவும் இல்லையாம். இதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உப்பளத்தில் கடல் தண்ணீர் வற்றும்போது எல்லா உப்பும் ஒன்றாகப் படிவதில்லை. முதலில் சுண்ணாம்புச் சத்துள்ள ஜிப்சம் படிகிறது. அப்புறம் நாம் சாப்பிடும் சோடியம் குளோரைடு. மெக்னீசியம் உப்புகள் கசப்புத் தண்ணீராக மிஞ்சி நிற்கும், அதை வெளியேற்றிவிடுவார்கள். ஆகவே கல் உப்பு என்பது கடலில் ஒரு பங்குதான். ஓடு உள்ள பிராணிக்கு கால்சியமும் மெக்னீசியமும் கட்டாயம் வேண்டும். அதற்கென்றே எல்லாம் சேர்த்த மீன் தொட்டிக் கடல் உப்பு தனியாக விற்கிறது.

மாமாவோடு கொளத்தூர் போனேன். அங்கே தெருத் தெருவாக வண்ண மீன் கடைகள். பெரும்பாலும் நல்ல தண்ணீர் மீன்தான். கடல் மீன் வைத்திருந்த ஒரு கடைக்கார அண்ணன் பொறுமையாகச் சொன்னதை நோட்டில் எழுதி வந்தேன்.

ஆர்.ஓ. தண்ணீரில் கடல் உப்பைக் கரைக்க வேண்டும். பால்காரரின் பால்மானி மாதிரியே ஹைட்ரோமீட்டர் என்று ஒன்று இருக்கிறது. அதை மிதக்கவிட்டால் 1.023-லிருந்து 1.025-க்குள் காட்ட வேண்டும். தண்ணீர் வற்றினால் உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது, நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். ஏனென்றால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கும். தொட்டியில் ஒரு கோடு போட்டு வைத்தால் சுலபம்.

தண்ணீர் ரெடியானாலும் உடனே பிராணியை விடக் கூடாது. அதன் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அது விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம். இன்னொரு வகைதான் நைட்ரேட் ஆக்கும், அது அவ்வளவு மோசமில்லை. இந்த பாக்டீரியாக்கள் மணலிலும் ஃபில்டரிலும் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் ஒருநாள் கூட இருக்கவில்லை.

செம்பு ஆகவே ஆகாது. செம்புக் குடத்துத் தண்ணீரும், செம்பு கலந்த மீன் மருந்தும் இதற்கு எமன். பவளத் துண்டு யாராவது விற்றால் வாங்காதீர்கள். 2001 முதல் கடினப் பவளங்கள் எல்லாம் வனவிலங்குச் சட்டத்தில் புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பில் இருக்கின்றன. சாதாரணக் கல்லும் பிளாஸ்டிக் பைப் துண்டும் போதும். ஒளிந்துகொள்ள வளை இருந்தால்தான் அது நிம்மதியாக இருக்கும். சட்டை உரிக்கும்போது நாள் கணக்கில் வெளியே வராது, செத்துவிட்டது என்று தோண்டக் கூடாது. கூடவே வேறு மீன் விட்டால் அது சாப்பாடாகிவிடும்.

மாமா கொண்டுவந்தது இரையை முள்ளால் குத்திப் பிடிக்கும் வகை, சேற்றில் வளை தோண்டும். இன்னொரு வகை சுத்தியல் மாதிரி அடித்து நத்தை ஓட்டை உடைக்கும். அதன் அடி விநாடிக்கு 23 மீட்டர் வேகம் வரை போகும் என்று 2004-இல் அளந்தார்கள். அதாவது மணிக்கு 80 கிலோமீட்டருக்கும் மேல், அதுவும் தண்ணீருக்குள்! 1998-இல் இங்கிலாந்தில் கிரேட் யார்மவுத் என்ற ஊரின் மீன் காட்சியகத்தில் டைசன் என்ற ஒன்று தொட்டிக் கண்ணாடியையே உடைத்தது. அதனால் அந்த வகைக்கு அக்ரிலிக் தொட்டி நல்லது.

எல்லாம் கேட்டுவிட்டு, "எவ்வளவு ஆகும்ணா?" என்றேன். தொட்டி, உப்பு, ஃபில்டர் எல்லாம் சேர்த்து வைத்துவிடலாம் போலத்தான் இருந்தது. சூடுதான் பிரச்சினை. தண்ணீர் 24 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அம்பத்தூரில் மே மாதம் 40 டிகிரி. தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் இரவு பகலாக ஓட வேண்டும். எங்கள் வீட்டில் நாங்களே ஒரு ஃபேனில்தான் தூங்குகிறோம். கரண்ட் போனால் ஃபில்டரும் நின்றுவிடும்.

போன வாரம் மாமா காசிமேட்டிலிருந்து போன் செய்தார். "பாப்பா, அதே மாதிரி இன்னொண்ணு உயிரோட இருக்கு, எடுத்துட்டு வரவா?"

"வேணாம் மாமா, கடல்லயே விட்டுடுங்க" என்றேன்.

"துறைமுகத் தண்ணி எண்ணெயா கிடக்கு. நாளைக்குக் காலையில போற படகுல குடுத்து விடறேன்" என்றார். அதுவரை அதை வாளியில் எந்தத் தண்ணீரில் வைக்க வேண்டும் என்று அவருக்கு இரண்டு முறை சொன்னேன்.