பட்டன் தேயவில்லை, டயர் போய்விட்டது

கொச்சியின் பள்ளுருத்தியில் மலை கிடையாது. பாலத்தைத் தவிர ஏற்றம் என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனாலும் மாடிப்படிக்கு அடியிலும் பால்கனியிலும் மவுன்டன் பைக்குகள் நிற்கின்றன. 2020 ஊரடங்கில் கிளம்பிய சைக்கிள் மோகத்தில் வீடு வந்து சேர்ந்தவையும் அவற்றில் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கும்பளங்கி வழியாகச் செல்லானம் கடற்கரை வரை ஒரு சுற்று. எப்போதாவது வாகமனோ மூணாறோ. மற்ற நாளெல்லாம் சும்மா நிற்கிற வேலைதான். டயர் கெடுவதும் அப்போதுதான்.

ஓடித் தேய்வது கண்ணுக்குத் தெரியும். தார் ரோட்டில் டயர்மேல் துருத்தி நிற்கும் பட்டன்களில் நடுவரிசை மழுங்கும். பாரமும் மிதிக்கிற விசையும் பின்னால் என்பதால் பின் டயர் முந்திக்கொள்ளும். மூப்பு அப்படிக் காட்டிக்கொடுக்காது. காற்றிலுள்ள ஓசோன், ரப்பர் எங்கே இழுபட்டிருக்கிறதோ அங்கே பார்த்துக் கீறும். காற்றிறங்கி நசுங்கி நிற்கும் டயரில் அந்த இடம் சைடுவால், அதாவது பக்கச் சுவரின் மடிப்பு. கட்டைவிரலால் அழுத்தி வளைத்தால் மயிரிழை வெடிப்புகள் வாய் பிளக்கும். பட்டனோ புதுசு மாதிரியே இருக்கும். டியூப் போட்ட டயரென்றால் கொஞ்ச நாள் ஓட்டிவிடலாம். டியூப்லெஸ்ஸில் காற்றைப் பிடித்துவைப்பதே அந்தச் சுவர்தானே.

டியூப்லெஸ்ஸில் ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றும் சீலன்டும் பெரும்பாலும் ரப்பர் பால்தான். கோட்டயம் பக்கம் மரத்திலிருந்து வடித்ததை உறையாமல் வைக்க அம்மோனியா சேர்ப்பார்கள். பல சீலன்டுகளிலும் அதே வித்தைதான். முள் குத்திய ஓட்டையில் பால் பாய்ந்து உறைந்து அடைக்கும். ஆனால் நீர் வற்றிக்கொண்டே வரும். இரண்டு முதல் ஆறு மாதம் என்பது பொதுக்கணக்கு. நம்மூர் வெக்கையில் குறைவான கணக்கையே எடுத்துக்கொள்வது நல்லது. சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். சளசளவென்று கேட்கவில்லையா? ஒரு பக்கம் கழற்றிப் பாருங்கள்: உட்சுவரில் பாலாடை மாதிரி ஒரு படலம், அடியில் உருண்டு திரண்ட ரப்பர்க் கட்டி. அதற்குப் பிறகு ஒரு சின்ன முள் போதும். ஈராட்டுப்பேட்டையிலிருந்து வாகமன் ஏறும் வழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கலாம், காட்சி நன்றாகத்தான் இருக்கும்.

இருட்டில், வெயில் படாமல் வைத்தால் டயர் பல வருஷம் தாங்கும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். சரிதான், இருக்கட்டும். நம் கைக்கு வருமுன் அது எங்கே, எத்தனை நாள் கிடந்தது?

கவலையே அங்கேதான். கார் டயரில் நாலு இலக்கம் இருக்கும். 2524 என்றால் 2024ஆம் ஆண்டின் 25ஆவது வாரத்தில் செய்தது. சைக்கிள் டயரில் பெரும்பாலும் அப்படி நமக்குப் புரிகிற முத்திரை கிடையாது. 1902இலேயே பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் ரப்பர்த் தோட்டம் போட்ட நாடு இது. இங்கே ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து டயர் வாங்குகிறவர் பட்டனை நகத்தால் கீறிப் பார்க்கிறார், பிராண்டைப் பார்க்கிறார், விலையைக் குறைக்கச் சொல்கிறார். வயசைக் கேட்பதில்லை. தள்ளுபடியில் தொங்கும் டயர் எதற்காகத் தள்ளுபடியில் தொங்குகிறது என்றும் கேட்பதில்லை.

மடித்த டயரைச் சுற்றியிருக்கும் அட்டையில் சில சமயம் மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கும். டயரை மாட்டிக் கொடுக்கும்போது கடையில் முதலில் கிழித்துப் போடுவது அந்த அட்டையைத்தான். அதற்குமுன் கையில் வாங்கிப் படித்துவிடுங்கள். தேதி இல்லையென்றால் விரித்துக் காட்டச் சொல்லுங்கள். மடிப்பிலேயே வெடிப்பு தெரிந்தால், எந்த விலைக்கும் வேண்டாம்.